சபிக்கும் சங்கீதங்களும் சின்னத்திரைப் பழிவாங்கலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச விரும்பும் பொருளைச் சொன்னபோது நம் செயலர் சற்றுத் தயங்கினார். கவிதைக்காகக் கூடும் அவையில் தொலைக்காட்சித் தொடரா, அதிலும் கொலையும் குருதியும் மலிந்த பழிவாங்கும் தொடரா, அதையும் கிறித்தவப் பார்வையில் அளக்கப் போகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் கேட்டது. இத்தகைய தொடர்களைப் பற்றிக் கிறித்தவர்கள் வழக்கமாகச் சொல்வது என்ன என்பது அவருக்குத் தெரியும். எத்தனை கொலை, எத்தனை கெட்ட சொல் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பெட்டியை அணைத்துவிடுங்கள் என்பார்கள். அந்தப் பிரசங்கத்தை நான் செய்யப் போவதில்லை. செய்யும் தகுதியும் எனக்கில்லை. நானே அத்தொடர்களைப் பார்க்கிறவன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அவருடைய இசைவோடுதான் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், மிதிவண்டியில் பால் வாங்கச் சென்ற எங்கள் அத்தானை, குடித்துவிட்டுக் காரோட்டி வந்த ஒரு மனிதன் மோதிவிட்டு நில்லாமல் போய்விட்டான். பிடித்தார்கள், வழக்கும் நடந்தது. கண்ணால் கண்ட இருவர் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார்கள். அவன் விடுதலையானான். இன்றும் எங்கள் தெருமுனைக் கடையில் தேநீர் அருந்துகிறான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போதகர் ஒருவர் வீட்டிற்கு வந்து ஜெபித்துவிட்டு, மன்னித்துவிடுங்கள் அம்மா என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை நான் கவனித்து வருகிறேன். குடும்ப ஜெபத்தில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது, பிறருடைய குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல் என்று வரும் இடத்தில் அக்காவின் உதடுகள் நின்றுவிடும். அந்த வாக்கியம் கடந்த பின் மீண்டும் சேர்ந்துகொள்வார்.

அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இரவில் அவர் பார்ப்பது 'டெக்ஸ்டர்' என்ற அமெரிக்கத் தொடர். ஒருநாள் நான் சற்றுக் கண்டிப்பாகவே, ஜெபித்துவிட்டு வந்து இதையா பார்ப்பது என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "கோயில்ல நான் அழுதா எல்லாரும் தேத்துதாங்க. கோவப்பட்டா பேச்ச மாத்திருதாங்க. இவன் ஒருத்தன்தான் தம்பி எனக்காகக் கோவப்படுதான்."

எங்கள் நெல்லைச் சீமைக் கிறித்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வோம். இன்றைய என் உரை முழுவதும் அக்காவின் அந்த வாக்கியத்திற்கு நான் தேடிய விடைதான்.

பார்த்திராதவர்களுக்காக அத்தொடரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 முதல் 2013 வரை எட்டுப் பருவங்கள், தொண்ணூற்றாறு பகுதிகளாக ஒளிபரப்பானது. பின்னரும் வெவ்வேறு பெயர்களில் உயிர்த்தெழுந்து வருகிறது. மயாமி நகரக் காவல்துறையில் இரத்தக்கறைகளை ஆராய்கிறவன் டெக்ஸ்டர். கொல்லும் வெறி அவனுள் உறைந்திருப்பதைக் கண்ட வளர்ப்புத் தந்தை, காவலர், அவனுக்கு ஒரு சட்டத்தைக் கற்பிக்கிறார்: சட்டத்திற்குத் தப்பிய கொலைகாரர்களை மட்டுமே கொல், ஐயமற உறுதி செய்துகொண்டு கொல். அவன் கொல்லும் முறையைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். அறை முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடுகிறான். நடுவில் ஒரு மேசை. அம்மனிதனால் மாண்டவர்களின் படங்களை அவன் கண்ணில் படுமாறு மாட்டி வைக்கிறான். குற்றத்தைச் சொல்கிறான். பின்னர் கத்தி. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துப் பத்திரப்படுத்துகிறான். உடல் கடலுக்குப் போகிறது.

இது என்ன? மேசை இருக்கிறது, மாண்டவர்களின் நினைவு இருக்கிறது, பாவ அறிக்கை இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் மாறாத ஒழுங்கு இருக்கிறது. வழிபாட்டு முறைமையை அறிந்த எவரும் இதை அடையாளம் கண்டுகொள்வர். திருச்சபை நடத்தத் தவறிய ஓர் ஆராதனையைத் தொலைக்காட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. என் அக்கா போன்றோர் அங்கே போய் அமர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன், நம் வீட்டில் அந்த ஆராதனை ஏன் நின்றது என்று கேட்க வேண்டும்.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011இல் வந்த ஆறாம் பருவத்தில் சகோதரர் சாம் என்றொரு பாத்திரம் வருகிறது. கொலைக் குற்றத்திற்காகச் சிறை சென்று, அங்கே விசுவாசியானவர். வாகனப் பட்டறை நடத்தி, சிறையிலிருந்து வரும் இளைஞர்களுக்கு வேலை தருகிறார். அவர் அடைக்கலம் தந்த நிக் என்ற இளைஞனே அவரைச் சுட்டுவிடுகிறான். சாகும் தறுவாயில் சாம் டெக்ஸ்டரிடம் கேட்பது ஒன்றே: நான் மன்னித்துவிட்டேன் என்று நிக்கிடம் போய்ச் சொல். டெக்ஸ்டர் கடற்கரைக்குப் போய் அதைச் சொல்லவும் செய்கிறான். இளைஞன் அழுகிறான். ஆனால் தான் மாட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அதைப் பார்த்த கணத்தில் டெக்ஸ்டர் அவனைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றுவிடுகிறான்.

அக்காவின் அருகே அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், என்னையறியாமல் "சரி" என்றேன். ஞானஸ்நானம் பெற்ற ஒருவன், தண்ணீரில் ஓர் இளைஞன் மூழ்கடிக்கப்படுவதைக் கண்டு சரி என்று சொன்னேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. அந்தக் காட்சியை எழுதியவர் திறமைசாலி. மன்னிப்பு அவன் காதில் விழுந்தது, அதை அவன் மலிவாக்கினான், ஆகவே கொல்லலாம் என்று நம்மைச் சில நிமிடங்களில் நம்ப வைத்துவிட்டார். மன்னிப்பவருக்கு அங்கே சாவு. மன்னிப்பைச் செய்தியாகச் சுமந்து வந்தவனுக்கே கொலை. ஆனால் அந்தக் காட்சியின் முன்பகுதி, கிறித்தவர்கள் சொல்லத் தயங்கும் ஓர் உண்மையையும் சொல்கிறது: மன்னிப்பு மலிவாக வழங்கப்படும்போது அதைப் பெறுகிறவன் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போய்விடுவான்.

நண்பர்களே, வேதாகமத்திற்கு வருகிறேன். பழிவாங்கலை வேதாகமம் அறியாத நூலல்ல. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் முதல் கொலை. காயீன் ஆபேலைக் கொல்கிறான். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. எபிரேய மூலத்தில் இரத்தம் என்ற சொல் அங்கே பன்மையில் நிற்கிறது. இதை யூதர்களின் மிஷ்னா எடுத்துக்கொண்டு, அவனுடைய இரத்தமும் அவனிலிருந்து பிறந்திருக்க வேண்டிய அத்தனை தலைமுறைகளின் இரத்தமும் கூப்பிட்டன என்று விளக்கி, ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்கிறது. கடவுள் காயீனைத் தண்டிக்கிறார். ஆனால் அவனை யாரும் கொல்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தையும் இடுகிறார். கொலைகாரனுக்கே பாதுகாப்பு.

அதே அதிகாரத்தில், காயீனின் வழிவந்த லாமேக்கு என்பவன் தன் இரு மனைவியரை அழைத்து ஒரு பாடலைச் சொல்கிறான். தன்னைக் காயப்படுத்திய ஓர் இளைஞனைக் கொன்றுவிட்டதாகவும், காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்கு என்றும் தருக்கிப் பாடுகிறான். எபிரேயச் செய்யுளின் இணையடி அமைப்பு முழுமையாக அமைந்த பாடல் அது. காயீனைக் காக்க இடப்பட்ட அடையாளத்தைத் தன் வெறிக்கான உரிமமாக மாற்றிக்கொள்கிறான் லாமேக்கு. இந்த அவையினர் வருந்தக்கூடிய செய்தி இன்னொன்றும் உண்டு. அவனுடைய மைந்தருள் ஒருவன் யாபால், கால்நடை வளர்ப்போரின் தந்தை. மற்றொருவன் யூபால், யாழும் குழலும் இசைப்போரின் தந்தை. மாற்றாந்தாய் மகன் தூபால் காயீன், இரும்பும் வெண்கலமும் அடிக்கிறவன். பாட்டும் கத்தியும் ஒரே வீட்டில், பழியின் பாடலை முழங்கிய தகப்பனுக்குப் பிறந்தவை. இன்றைய பழிவாங்கும் தொடர்கள் அனைத்தும் லாமேக்கின் வாரிசுகள் என்று சொன்னால் அது மிகையாகாது. பேதுரு எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்டபோது இயேசு தந்த எண், கிரேக்க மொழியில் பழைய ஏற்பாட்டை வாசித்தவர்களின் காதில் லாமேக்கின் எண்ணாகவே விழுந்திருக்கும். அதே சொற்கள். அந்தப் பழைய பாடலைத்தான் அவர் தலைகீழாக்கினார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நானும் மூன்றாம் நாள் வந்த போதகரைப் போலத்தான் பேசினவனாவேன். லாமேக்கிற்கும் இயேசுவிற்கும் இடையே சங்கீதப் புத்தகம் இருக்கிறது.

137ஆம் சங்கீதம் உங்களுள் பலருக்குத் தெரியும். பாபிலோனின் ஆறுகளருகே அமர்ந்து அழுத அடிமைகளின் பாடல். 1978இல் போனி எம் குழுவினர் பாடி உலகெங்கும் பரப்பிய பாட்டிற்கு அதுவே மூலம். நம் ஊர்த் திருமண வீடுகளின் ஒலிபெருக்கியில்கூட அதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டில் சங்கீதத்தின் கடைசிப் பகுதி இல்லை. அங்கே, பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்று சொல்லி முடிகிறது அச்சங்கீதம். 109ஆம் சங்கீதமோ இருபது வசனம் வரை ஓயாத சாபம். 58, 83 ஆகியனவும் இவ்வகையின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1971இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் நாள்வழிபாட்டு நூலைத் திருத்தியபோது இந்த மூன்று சங்கீதங்களையும் முழுவதுமாக விட்டுவிட்டது; 137இன் கடைசி வசனங்களையும் நீக்கியது. எங்கள் சீர்திருத்தச் சபைகளில் யாரும் எதையும் நீக்கவில்லை. ஆனால் நான் அறிந்தவரை யாரும் வாசிப்பதுமில்லை. விளைவு ஒன்றுதான்.

நீக்கியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. குழந்தைகளைப் பாறையில் மோதுவதை வாசித்துவிட்டு ஆமென் சொல்வது எளிதன்று. ஆயினும் அவர்கள் தவறு செய்தார்கள் என்றே எண்ணுகிறேன். அந்தச் சங்கீதத்தைப் பாடியவன் யாரையும் கொல்லவில்லை. அவன் கையில் கத்தியில்லை. யாழையும் மரத்தில் மாட்டிவிட்டான். அவனிடம் எஞ்சியது சொல் மட்டுமே. அந்தச் சொல்லை, தன் கோபத்தின் மிகக் கொடிய வடிவத்தை, அவன் கடவுளின் முகத்திற்கு நேரே எறிந்தான். பழி உமக்குரியது என்கிறீரே, அப்படியானால் இதையும் எடுத்துக்கொள்ளும் என்று ஒப்படைத்தான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பழிவாங்கலைக் கர்த்தருக்கு விட்டுவிடச் சொல்கிறார். விட்டுவிடுவதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும். கோபமே வரக்கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு எதை விட்டுக்கொடுப்பது?

சிலுவையிலும் இதைக் காணலாம். தம்மை அறைந்தவர்களை மன்னிக்கும்படி வேண்டியவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைக் கூவியவரும். அவர் தம்முடைய காயங்களுக்காக மன்னித்தார். சிலுவையடியில் நின்ற தாயிடம், அம்மா நீயும் இந்தப் படைவீரர்களை மன்னித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு ஒரு மகனைக் காட்டிக்கொடுத்தார். இருக்க ஒரு வீடு கிடைத்தது. தொடர்ந்து அழுதுவந்த எருசலேம் பெண்களை அழாதீர்கள், மன்னியுங்கள் என்று அவர் அனுப்பிவிடவுமில்லை. லூக்காவில் அவர் சொன்ன உவமையில் ஒரு விதவை அநீதியுள்ள நடுவனின் கதவை ஓயாமல் தட்டுகிறாள், என் எதிராளிக்கு நியாயம் செய் என்று. அவளைத்தான் ஜெபத்திற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். அவள் மன்னிக்கக் கேட்டு வந்தவளல்லள்.

இவ்விடத்தில் நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் என்னிடம் முன்பே கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்படியானால் கண்ணகியை என்ன செய்வீர்கள் என்றார் அவர். கண்ணகி மதுரையை எரித்தவள்தான். ஆனால் இளங்கோவடிகள் காதைகளை அடுக்கியிருக்கும் வரிசையைப் பாருங்கள். வழக்குரை காதை முதலில். வஞ்சினமும் அழலும் அதன் பின்னரே. அவள் வாயிற்காவலனைக் கடந்து அரசவைக்குள் போய், எல்லார் முன்னிலையிலும், சிலம்பை உடைத்து வழக்கை நிறுவுகிறாள். அரசன் தன் தவற்றைத் தன் வாயாலேயே ஏற்று வீழ்கிறான். உண்மை பகலில், சபையில் வெளிப்படுகிறது. தீக்கும்கூட யாரைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லியனுப்புகிறாள். டெக்ஸ்டரின் கதையில் வழக்குரை காதையே கிடையாது. இரவில், மூடிய அறையில், யாருக்கும் தெரியாமல் கொன்று கடலில் போடுகிறான். படத்தில் மாட்டப்பட்ட அந்த மாண்டவர்களின் தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாமலேயே சாவார்கள். நியாயம் நடந்தது என்பது தெரிந்த ஒரே ஆள், நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் நாம். நமக்கு மட்டுமே நிம்மதி தரும் நியாயம் அது. அதுவும் அடுத்த வாரம் வரை. அந்நிம்மதி தேவைப்படுகிறவர்களிடம் அதை மலிவாக விற்பதுதான் இத்தொடர்களின் மேல் எனக்குள்ள பெரிய குறை. இரத்தத்தைக் காட்டுவது அதற்கு அடுத்ததுதான்.

எல்லாத் தொடர்களையும் ஒரே தராசில் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் நெட்ஃபிளிக்சில் வந்த 'டேர்டெவில்' இரண்டாம் பருவத்தில் பிராங்க் காசில் என்ற முன்னாள் படைவீரன் வருகிறான். குடும்பத்தைக் கொலைக்குப் பறிகொடுத்தவன். கூரைமேல் ஒருவனைச் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு, குரோட்டோ என்ற சில்லறைக் குற்றவாளியை அவன் கண்முன் சுட்டுக் கொல்கிறான். குரோட்டோ நல்லவனல்லன், ஒரு மூதாட்டியைக் கொன்றதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன். வேறு தொடராக இருந்தால் அத்தோடு அவன் கதை முடிந்தது. இத்தொடரோ அடுத்த பகுதியில் நம்மை அவனுடைய அடக்க ஆராதனைக்கு அழைத்துப் போகிறது. ஏறக்குறைய வெறிச்சோடிய கோயில். இரண்டு மூன்று பேர். குருவானவர் அவனை நல்லவன் என்று பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் வெறும் ஒரு மனிதனல்லன், அவனுக்குள் ஓர் உலகம் இருக்கிறது, இன்று ஓர் உலகம் இல்லாமற்போனது என்ற கருத்தில் பேசுகிறார். மிஷ்னா ஆபேலைப் பற்றிச் சொன்னது ஒரு சில்லறைத் திருடனின் பெட்டியருகே மீண்டும் கேட்கிறது. அதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொல்லப்பட்ட தீயவனுக்கு அடக்க ஆராதனை நடத்துகிற கதை, லாமேக்கின் வீட்டிலிருந்து ஓரடியாவது வெளியே வந்துவிட்ட கதை.

அந்தக் காசிலுக்குத் தனித் தொடராக 2017இல் வந்த 'தி பனிஷர்' இவ்வளவு நேர்த்தியானதன்று. அடியும் உதையும் அளவு மீறியவை. 1974இல் சித்திரக்கதையில் பிறந்த அவனுடைய மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்கக் காவலர்களும் படைவீரர்களும் தங்கள் வண்டிகளிலும் உடைகளிலும் ஒட்டிக்கொண்டார்கள். அவனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெரி கான்வே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். சட்டம் தோற்றதன் அடையாளத்தைச் சட்டத்தின் காவலர்கள் அணியலாகாது என்பது அவர் வாதம். பாட்டைக் கேட்டவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டார்கள் எனலாம். ஆனாலும் அத்தொடரின் முதற்பருவம் முடியும் இடத்தை நான் மதிக்கிறேன். பழி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. முன்னாள் படைவீரர்கள் வட்டமாக அமர்ந்து பேசும் ஓர் அறையில் அவனும் வந்து அமர்கிறான். இனிப் போரிட எதுவுமில்லை என்ற நிலையில் தனக்கு அச்சமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். கணக்குத் தீர்ந்தால் அமைதி வரும் என்று பதின்மூன்று பகுதிகளாக நம்மை இழுத்துவந்த தொடரே, அங்கே வெறுங்கையைக் காட்டிவிடுகிறது.

கற்பனையை விட்டு நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பலருக்குத் தெரிந்ததுதான். கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகர்ப் பகுதியில் நிலமற்ற பழங்குடி மக்களிடையே வேலை செய்தவர். கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்க முயன்றார். 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பேருந்தில், மற்றப் பயணிகளின் கண்முன்னே, சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் குத்திக் கொன்றான். உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவனை ஏவிவிட்டதாகக் கருதப்பட்டவரோ தண்டனையின்றித் தப்பினார். சிறையில் அவனுடைய ஒரே நினைப்பு, வெளியே போய் அந்த ஆளைக் கொல்ல வேண்டும் என்பது. பார்த்தீர்களா, ஒரு பழிவாங்கும் தொடருக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கிறது.

2002இல் இராணி மரியாவின் தங்கை, அவரும் துறவி, சகோதரி செல்மி பால், சிறைக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டினார். பின்னர் தாயாரும் அவனைச் சந்தித்து, தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று அவன் கைகளை முத்தமிட்டார். அவனை விடுவிக்கக் குடும்பத்தாரே விண்ணப்பித்தனர். 2006இல் விடுதலையானான். 2017இல் இராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கிறித்தவ மேடைகளில் சொல்லும்போது முத்தத்தைச் சொல்வார்கள், ஆண்டுகளைச் சொல்லமாட்டார்கள். 1995க்கும் 2002க்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் அவ்வீட்டில் என்ன நடந்தது, எத்தனை இரவு என்ன சொல்லி அழுதார்கள் என்பதை எந்தத் தொடரும் காட்டாது, எந்தப் பிரசங்கமும் சொல்லாது. மூன்றாம் நாள் யாரும் ராக்கி கட்டப் போகவில்லை. கொன்றவன் நீதிமன்றத்தில் நின்று, குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு, தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தான் என்பதும் சிறிய செய்தியன்று. என் அக்காவிற்கு அதுவும் கிடைக்கவில்லை.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றுதான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன். கிறித்தவத் தமிழில் துதிப்பாடல்களுக்குக் குறைவில்லை. ஒப்புக்கொடுத்தலும் நன்றியும் பாடிய கீர்த்தனைகள் ஏராளம். அநியாயமாகக் கணவனை இழந்த ஒரு பெண், கோயிலில் எழுந்து நின்று, கடவுளை நோக்கி முழுக் குரலில் பாடத்தக்க ஒரு பாடலை நான் தேடிப் பார்த்தேன். என் கையில் அகப்படவில்லை. உங்களில் யாரேனும் எழுதியிருந்தால் விழா முடிந்ததும் என்னிடம் தாருங்கள். எழுதியிராவிட்டால் எழுதித் தாருங்கள்.

சென்ற மாதம் ஓர் இரவு, தொடர் தொடங்குவதற்கு முன், அக்காவிடம் 109ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் வேதாகமத்தை முழுமையாகப் பலமுறை வாசித்தவர். ஆனாலும் அந்தச் சங்கீதத்தை இன்னொருவர் குரலில் கேட்டதில்லை என்றார். பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டு அமர்ந்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். எதிராளியின் நாட்கள் குறையட்டும் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து, அவன் பிள்ளைகள் தகப்பனற்றவர்களாகட்டும், அவன் மனைவி விதவையாகட்டும் என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது. அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அத மட்டும் விட்டுரு தம்பி. அவன் பொண்டாட்டி என்ன செஞ்சா? அவ பாவம்."

மற்றதை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "மத்தத வாசி" என்றார். இறுதிவரை வாசித்தேன். சாபங்களில் ஒன்றைக்கூட அதற்குமேல் அவர் நீக்கச் சொல்லவில்லை. முடிந்ததும், "இத ஏன் கோயில்ல வாசிக்க மாட்டேங்காங்க?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. பிறகு பெட்டியின் ஒலியைக் கூட்டினார். இருவரும் அமர்ந்து அன்றைய பகுதியைப் பார்த்தோம். மறுநாள் குடும்ப ஜெபத்திலும் அந்த வாக்கியம் வந்தபோது அக்காவின் உதடுகள் நின்றன. நானும் நிறுத்திவிட்டேன். அவர் சேர்ந்துகொள்ளும் வரை காத்திருந்து, அடுத்த வாக்கியத்தை இருவருமாகச் சொன்னோம்.